கெப்சே: பீட்டர்ஸ்பர்க்கிலும் அல்மாத்தியிலும் ஒரு சகா வீடு

2020 ஜனவரியில் என் மாமியார் ரஷ்யாவின் சைபீரியாவில் இருக்கும் யாக்குட்ஸ்கிலிருந்து பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். தோளில் ஒரு பை, கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி, அதற்குள் கல் மாதிரி உறைந்த மீனும் குதிரைக்குட்டி இறைச்சியும். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மூன்றரை வயதுப் பேத்தியைக் கட்டிக்கொண்டு "கெப்சே!" என்றார்.

கெப்சே என்றால் "சொல்லு" என்று பொருள். யாக்குட்ஸ்க் பக்கத்துப் பூர்வகுடிகளான சகா மக்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பக்கத்து வீடு என்பதே பல மைல் தள்ளி இருந்த நாட்டில், வருகிறவர் கொண்டுவருகிற சேதிதான் பெரிய விருந்து. அதற்கு வழக்கமான பதில், "சுவோக், என் கெப்சே". "ஒன்றுமில்லை, நீ சொல்லு" என்று அர்த்தம். நம்மூரில் "அப்புறம், என்ன சேதி?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல, நீங்க சொல்லுங்க" என்போமே, அப்படியே.

என் மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "பாட்டி என்ன சொல்றாங்க?" என்று ரஷ்ய மொழியில் கேட்டாள்.

மாமியார் எதுவும் சொல்லவில்லை, சிரித்துவிட்டு ரஷ்ய மொழிக்கு மாறிக்கொண்டார். கிராமத்தில் வளர்ந்து பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழி கற்றவர் அவர். அதில் பேசும்போது சொல்லைத் தேடித்தேடிப் பேசுவார், வீட்டுக்கதை எதுவும் வராது. சொந்தப் பேத்தியோடு அவர் ஒரு அரசாங்க அலுவலகத்தில் பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்க்க முடியவில்லை. அன்று இரவு என் மனைவி சமையலறையில் விளக்கைப் போடாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

வேறு நாட்டவரை மணந்துகொண்டவர்கள், சிறிய மொழி பேசுகிற குடும்பத்தில் பிள்ளை வளர்ப்பவர்கள், சகா மக்களோடு படிக்கவோ வேலை செய்யவோ போகிறவர்கள் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் 2010இல் பீட்டர்ஸ்பர்க்குக்குப் படிக்கப் போனவன். அங்கேயே மென்பொருள் வேலை கிடைத்தது, அங்கேயே கல்யாணம். நான் கும்பகோணத்துக்காரன், மனைவி வில்யூய் ஆற்றுப் பக்கத்துச் சகா பெண்.

யாக்குட்டியா என்று ரஷ்யர்கள் சொல்லும் சகா குடியரசின் பரப்பு முப்பது லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். இந்தியாவைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அவ்வளவு நிலத்தில் மொத்தம் பத்து லட்சம் பேர் இருக்கிறார்கள். 2010 கணக்கெடுப்பில் ரஷ்யா முழுவதும் இருந்த சகா மக்கள் சுமார் 4,78,000 பேர், அதில் 4,66,000 பேர் குடியரசுக்குள்ளேயே இருந்தார்கள். வெளியே இருந்தவர்கள் பன்னிரண்டாயிரம் பேர்போல, அவ்வளவு பெரிய ரஷ்யாவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். வெளியூரில் சகா தெரு என்று ஒன்று கிடையாது, பிள்ளையை அனுப்பச் சகா பள்ளிக்கூடம் கிடையாது. ஒரு குடும்பம் மொழியை விட்டுவிட்டால் அதைப் பிடித்துக்கொள்ள அக்கம்பக்கம் யாரும் இல்லை.

"யாக்குட்" என்பது மற்றவர்கள் வைத்த பெயர், அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது "சகா". தமிழில் அந்தச் சொல்லுக்குத் தோழன் என்று பொருள் என்று சொன்னபோது என் மனைவிக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி. ரஷ்ய மொழியில் பேசும்போது அவளே யாக்குட் என்றுதான் சொல்வாள், அதில் சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் அவர்களோடு பழகப் போகிறவர் முதல் நாளே "நீங்கள் சகாவா?" என்று கேட்டுப் பாருங்கள், எதிரே இருப்பவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். "நீங்க சீனாவா, கொரியாவா?" என்ற கேள்வியை அவர்கள் வாழ்நாளெல்லாம் கேட்டுக் களைத்திருக்கிறார்கள்.

பெயர் விஷயமும் அப்படித்தான். 1632இல் ரஷ்யர்கள் லேனா ஆற்றங்கரையில் கோட்டை கட்டினார்கள், பின்னால் ஞானஸ்நானம் வந்தது, அதோடு இவானோவ், பெத்ரோவ் என்று குடும்பப் பெயர்களும் வந்தன. அதனால் தொலைபேசியில் பேசும்போது ஒரு ரஷ்யர், நேரில் பார்த்தால் ஆசிய முகம். வாடகை வீடு தேடிய நாட்களில் இது எங்களை எவ்வளவு அலைக்கழித்தது என்று சொல்லி மாளாது. "ஸ்லாவியர்களுக்கு மட்டும்" என்று விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள், அப்படிப் போடாத வீட்டுக்காரரும் மனைவியின் பெயரைக் கேட்டுவிட்டு வரச் சொல்வார், கதவைத் திறந்ததும் "இப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன்" என்பார். அவள் பிறந்ததிலிருந்து அந்த நாட்டுக் குடிமகள். மூன்று வீடு இப்படிப் போன பிறகு, தொலைபேசியிலேயே "நான் சகா, என் கணவர் இந்தியர்" என்று முதல் வாக்கியமாகச் சொல்ல ஆரம்பித்தோம். பாதிப் பேர் வைத்துவிடுவார்கள், ஆனால் வீண் அலைச்சலும் வாசலில் நின்று அவமானப்படுவதும் நின்றது. இதே நிலையில் இருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

சரி, மொழி எப்படிப் போனது? யாரும் அதைத் துரத்தவில்லை. எனக்கும் மனைவிக்கும் பொதுமொழி ரஷ்யன், வீடு அதிலேயே ஓடியது. குழந்தை பிறந்த புதிதில் மனைவி சகாவில் தாலாட்டினாள், பேசினாள். ஒருநாள் பேருந்தில் குழந்தையோடு அவள் பேசிக்கொண்டு வந்தபோது ஒரு பெரியவர் "மனிதர் பேசுகிற மொழியில் பேசு" என்று அதட்டியிருக்கிறார். என்னிடம் அதை இரண்டு வருடம் கழித்துத்தான் சொன்னாள். அன்றிலிருந்து வெளியே போனால் குரலைத் தணித்தாள், பிறகு வெளியே ரஷ்யன் என்று ஆக்கிக்கொண்டாள், பிறகு வீட்டிலும் அது தொடர்ந்தது. அவளுக்குத் தெரிந்தே நடந்தது என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானும் தமிழை வாரம் ஒருமுறை அம்மாவோடு தொலைபேசியில் பேசுகிற மொழியாக வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன்.

மாமியார் அந்த முறை ஆறு வாரம் தங்கினார். பெட்டியிலிருந்து அவர் எடுத்த ஒரு பொருளைப் பார்த்து நான் அசந்துபோனேன், அது மத்து! நீண்ட மரக்கோல், அடியில் வட்டமான மரத்துண்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக் கடைவது. அவர்கள் அதை இதிக் என்கிறார்கள். குளிர்ந்த பாலேட்டை அதில் கடைந்து நுரைக்க வைத்து, காட்டில் பறித்த சிவப்புப் பழங்களைச் சேர்த்தால் குவெர்செக். என் பாட்டி மோர் கடைந்த அதே கை அசைவு. மகளை மடியில் உட்கார வைத்து, அவள் கைக்கு மேல் தன் கையை வைத்துக் கடைந்துகொண்டே, ஊத் என்றால் பால், ஊ என்றால் தண்ணீர் என்று மாமியார் ஒவ்வொன்றாகச் சொன்னார். முதல் பத்து சொற்கள் அந்த மத்தோடுதான் வந்தன. புத்தகம், படம் ஒட்டிய அட்டை எல்லாம் நாங்கள் அதற்கு முன்னால் வாங்கிப் பார்த்திருந்தோம், குழந்தை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைக்கு வேலை இருக்கும்போது சொல் ஒட்டிக்கொள்கிறது, இதை நான் அடித்துச் சொல்வேன்.

அவர் ஊர் திரும்பிய பிறகு தொலைபேசிதான். இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிய தடையாக இருந்தது. பீட்டர்ஸ்பர்க்குக்கும் யாக்குட்ஸ்குக்கும் ஆறு மணி நேர வித்தியாசம், நாங்கள் வேலை முடிந்து மாலை ஏழுக்குக் கூப்பிட்டால் அங்கே நள்ளிரவு ஒரு மணி. அதனால் பல மாதம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசினோம், அது போதவே போதாது. பிறகு காலை எட்டு மணிக்கு மாற்றினோம், அங்கே மதியம் இரண்டு. மகள் பால் குடிக்கிற பத்து நிமிடம் மட்டும், தினமும். பாட்டி "கெப்சே" என்பார், இவள் நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். ரஷ்யச் சொல் கலந்தாலும் திருத்தக் கூடாது என்று மனைவி தன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டாள். திருத்திய நாட்களில் குழந்தை வாயை மூடிக்கொள்வதை இரண்டு முறை பார்த்துவிட்டோம். நன்றி சொல்வதற்குச் சகாவில் எல்லோரும் சாதாரணமாகச் சொல்லும் "பஹீபா" என்பதே ரஷ்யச் சொல்லிலிருந்து வந்ததுதான். "மக்தால்" என்ற சொந்தச் சொல்லும் இருக்கிறது. பாட்டி பஹீபா என்றார், மனைவி மக்தால் என்றாள், மகள் இரண்டையும் எடுத்துக்கொண்டாள்.

எனக்கும் அந்த வருடம்தான் சகா பிடிபட்டது. தமிழனுக்கு அது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. வினை கடைசியில் வரும், சொல்லின் வாலில் ஒட்டுகள் ஒவ்வொன்றாகச் சேரும், குறில் நெடில் மாறினால் பொருள் மாறும். "அத்" என்றால் குதிரை, "ஆத்" என்றால் பெயர். ரஷ்ய நண்பர்கள் இதில் தடுமாறுவார்கள், படி, பாடி என்று வளர்ந்த நமக்கு அது தானாக வருகிறது. ஒகோ என்றால் குழந்தை, பன்மையில் ஒகொலொர், சொல்லுக்குள் இருக்கும் உயிரொலிக்கு ஏற்ப விகுதியும் மாறிக்கொள்ளும். உறவுப் பெயர்களிலும் நமக்கு வீட்டு வாசம்தான். மூத்தவரும் இளையவரும் ஒரே சொல்லில் அடங்க மாட்டார்கள்: எஜீய் அக்கா, பலிஸ் தங்கை, உபாய் அண்ணன். எபே பாட்டி. மாமியாரை இப்போது நானும் எபே என்றுதான் கூப்பிடுகிறேன்.

வெளியூரில் சகா மக்களை இணைப்பது என்ன என்று கேட்டால் பெரும்பாலோர் இஹியாக் திருவிழா என்பார்கள். ஜூன் கடைசியில் வரும் கோடைத் திருநாள், அவர்களுக்குப் புத்தாண்டு போல. பிர்ச் மரக்கன்றுகளை நட்டு, குதிரைமுடிக் கயிற்றில் வண்ணத் துணிகள் தொங்கும் சலமாவைக் கட்டி, நெருப்புக்கும் நிலத்துக்கும் குமிஸ் என்னும் புளித்த குதிரைப்பாலை ஊட்டி, பெரியவர் ஒருவர் அல்கிஸ் என்னும் வாழ்த்தைப் பாட, பிறகு ஒசுவோகாய். கைகோத்து வட்டமாக, சூரியன் போகும் திசையில் ஆடுவது. ஒருவர் அந்த நேரத்துக்கு மனத்தில் தோன்றுவதைப் பாட, வட்டம் முழுவதும் அதைத் திருப்பிப் பாடும். பீட்டர்ஸ்பர்க்கிலும் நடக்கும். முதல்முறை போகிறவர் ஓரமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம், இரண்டு பேருக்கு நடுவில் கையை நீட்டினால் போதும், சேர்த்துக்கொள்வார்கள். சொல் தெரியாவிட்டாலும் திருப்பிச் சொல்ல முடியும், அந்த ஆட்டமே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

ஆனால் என் அனுபவத்தில் இஹியாக்கைவிட வலுவாக ஆட்களைக் கட்டிவைத்தது அட்டைப்பெட்டிதான். "யாக்குட்ஸ்கிலிருந்து இந்த வாரம் யார் வருகிறார்கள்?" என்று கைப்பேசிக் குழுவில் ஒரு கேள்வி வரும். யாரோ ஒரு மாணவனின் அம்மா விமான நிலையத்துக்கு மீன் பெட்டியோடு போய், முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிடுவார். ஆறு மணி நேரத்துக்கு மேல் பறந்து மாஸ்கோ வந்து, அங்கிருந்து பீட்டர்ஸ்பர்க். பெட்டி இளகுவதற்குள் பிரிக்க வேண்டும், அதனால் அன்றிரவே பத்துப் பேர் கூடிவிடுவார்கள். உறைந்த மீனை மெல்லிய சீவலாகச் சீவி உப்பும் மிளகும் தொட்டுச் சாப்பிடுவார்கள். முதல் அலாஜி, அது தடித்த அப்பம் மாதிரி இருக்கும், அதில் ஒரு துண்டைக் கிள்ளி அடுப்பு நெருப்புக்கு ஊட்டுவார்கள். எரிவாயு அடுப்புதான், ஆனாலும் நெருப்பு நெருப்புதானே. நெருப்பில் குப்பையைப் போடக் கூடாது, அதைத் திட்டக் கூடாது என்று மகள் கற்றுக்கொண்டது அங்கேதான். ஆண்டுக்கு ஒருமுறை விழாவுக்கு உழைப்பவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைக்கு மொழி வர வேண்டுமானால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சாப்பாட்டுக்குக் கூடுங்கள். மாணவர்களைக் கூப்பிடுங்கள், அவர்களுக்கு வீட்டுச் சாப்பாடு, உங்கள் பிள்ளைக்கு அக்கா அண்ணன்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணிடம் நான் பட்ட பாடம் ஒன்றும் உண்டு. அவள் பிறந்ததிலிருந்து பேசுவது சகாதான், ஒசுவோகாயில் முன்பாடுகிறவளும் அவள்தான். நான் பேச்சுவாக்கில் "நீங்கள் சகா மக்கள்" என்று ஏதோ சொன்னேன். "நான் எவென்கி" என்றாள். கோபமில்லை, ஆனால் அழுத்தமாக. யாக்குட்டியாவில் எவென்கி மக்களில் பலர் பேசுவது சகா மொழிதான், தங்கள் மொழி போய்விட்டது, ஆனால் தாங்கள் யார் என்பது போகவில்லை. மொழியே அடையாளம் என்று நான் அதுவரை சட்டம் பேசிக்கொண்டிருந்தேன். சகா மொழி ரஷ்யனுக்கு முன்னால் சிறியது, எவென்கி மொழிக்கு முன்னால் பெரியது. என் மனைவிக்கும் அன்று அது உறைத்தது என்று பிறகு சொன்னாள். யாக்குட்டியாவிலிருந்து வந்த எல்லோரும் சகா இல்லை, எவென், யுகாகீர், டொல்கான் எல்லோரும் இருக்கிறார்கள். கேட்டுவிட்டுப் பேசுவது நல்லது.

2022 செப்டம்பர் 21ஆம் தேதி உக்ரைன் போருக்கு ரஷ்ய அரசின் ஆள்திரட்டல் அறிவிப்பு வந்தது. நான்கு நாள் கழித்து யாக்குட்ஸ்க் சதுக்கத்தில் பெண்கள் கைகோத்து ஒசுவோகாய் ஆடி எதிர்ப்புத் தெரிவித்ததை என் மனைவி கைப்பேசியில் திரும்பத்திரும்பப் பார்த்தாள். விழாவில் ஆடிய அதே வட்டம். அந்த அக்டோபரில் என் நிறுவனம் அலுவலகத்தைக் கஜகஸ்தானுக்கு மாற்றியது, நாங்கள் அல்மாத்தி வந்தோம். மனைவியின் சித்தப்பா மகன் ஒரு முதுகுப்பையோடு எங்களுக்கு முன்பே வந்திருந்தான், அவனோடு இன்னும் நான்கு பையன்கள். வீடு கிடைக்கும்வரை எல்லோரும் எங்களோடு.

அல்மாத்தியில் முதல் சில மாதம் மனைவிக்குத் திருவிழாதான். குமிஸ் கடையிலேயே கிடைக்கிறது, கொஞ்சம் புகை வாசம் இருந்தாலும் குமிஸ்தான். குதிரை இறைச்சி சந்தையில் தொங்குகிறது. ஒரு வாடகைக் கார்க்காரரும் அவளும் எண்களை ஒப்பிட்டுக்கொண்டே போனார்கள்: அவர் பிர், எகி, உஷ் என்றார், இவள் பீர், இக்கி, உஸ் என்றாள். இரண்டும் துருக்கிய மொழிகள். கஜக்கில் ஜகரத்தில் தொடங்குவது சகாவில் சகரமாகும், ஜோல் என்றால் வழி, சகாவில் சுவோல், ஜில் என்றால் ஆண்டு, சகாவில் சில். கஜக்கில் தொடக்கத்தில் வரும் சகரம் சகாவில் உதிர்ந்துபோகும், சூ என்றால் தண்ணீர், சகாவில் ஊ. மகளுக்கு இதை ஒரு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தோம், பள்ளியில் கஜக் பாடம் அவளுக்குச் சுலபமாயிற்று, சகாவும் அதோடு பலப்பட்டது. பக்கத்து மொழி எதிரியாகத்தான் வர வேண்டும் என்பதில்லை.

ஆனால் வேறொன்று நடந்தது, அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பீட்டர்ஸ்பர்க்கில் அவள் யார் என்பதை ஊரே நினைவுபடுத்திக்கொண்டிருந்தது, பேருந்துப் பெரியவரிலிருந்து வீட்டுக்காரர்வரை. அல்மாத்தியில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடைக்காரப் பெண் கஜக்கில் பேசுவாள், இவள் ரஷ்யனில் பதில் சொன்னால் "ஏன் தாய்மொழியை மறந்துட்டே?" என்று உரிமையோடு கேட்பாள். முகம் முகத்தோடு கலந்துவிட்டது. "நிம்மதியாத்தான் இருக்கு, ஆனா நான் கரைஞ்சு போறேன்" என்று ஒருநாள் சொன்னாள். முன்பு வெளியிலிருந்து வந்த அழுத்தமே அவளை ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தது, இப்போது அவளே சேர்த்துக்கொள்ள வேண்டும். புலம்பெயர்ந்தவர்களிடம் பேசும்போது நாம் எப்போதும் புறக்கணிப்பைப் பற்றியே கேட்கிறோம், அன்பான ஊரில் அடையாளம் தளர்வதைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்டுப் பாருங்கள், நிறையச் சொல்வார்கள்.

அவளைப் பிடித்து நிறுத்தியது அந்த ஐந்து பையன்கள்தான். நாள் முழுக்கச் சகாவில் பேசிக்கொண்டு, இரவில் ஒருவன் கொமுஸ் வாசிப்பான், பற்களில் அணைத்து வைத்து விரலால் மீட்டி வாசிக்கும் இரும்புக்கருவி. மகளுக்கு ஒரே வீட்டில் ஐந்து உபாய். பாட்டியின் தொலைபேசி இரண்டு வருடத்தில் செய்ததை அவர்கள் நான்கு மாதத்தில் செய்தார்கள், ஏனென்றால் அவர்களோடு சண்டை போட வேண்டியிருந்தது, பொம்மையைத் திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது. கைப்பேசியில் அவர்கள் எழுதுவதை அவளும் கற்றுக்கொண்டாள். ரஷ்ய விசைப்பலகையில் சகாவின் அடித்தொண்டைக் ககரத்துக்கு எழுத்தில்லை, அதனால் அந்த இடத்தில் 5 என்ற எண்ணைப் போடுவார்கள். ஒகோ என்ற சொல்லில் நடுவில் ஓர் ஐந்து நிற்கும். சகா விசைப்பலகையை நிறுவிக்கொள்ள இரண்டு நிமிடம்தான், செய்துகொள்ளுங்கள், ஆனால் 5 போடுகிறவனைத் திட்ட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இப்படி வந்தவர்களின் கூட்டத்துக்குப் போனால் கேட்காமல் படம் எடுத்துப் போடாதீர்கள். ஊரில் அவர்களுக்கு அம்மா அப்பா இருக்கிறார்கள். நான் ஒருமுறை ஒரு பிறந்தநாள் படத்தைப் போட்டுவிட்டு, அரைமணி நேரத்தில் ஒரு பையன் கெஞ்சிக் கேட்டு நீக்கினேன். அந்தப் பையன்களில் இருவர் ஊர் திரும்பிவிட்டார்கள், ஒருவன் வேறு நாடு போய்விட்டான், மனைவியின் தம்பி இங்கேதான் இருக்கிறான்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. என்னோடு தமிழ், அம்மாவோடு சகா, நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது இன்னும் ரஷ்யன். "என்" என்ற சொல்லில் அவள் கொஞ்ச காலம் குழம்பினாள். தமிழில் அது என்னுடையது, சகாவில் "நீ". என் பொம்மை என்று அவள் சொன்னால் உபாய்கள் "நான் பொம்மையா?" என்று சீண்டுவார்கள். இப்போது குழப்பமில்லை.

இங்கிருந்து யாக்குட்ஸ்குக்கு நான்கு மணி நேரந்தான் வித்தியாசம், அதனால் பள்ளி விட்டு வந்ததும் அழைக்கலாம். நேற்று மகள் மத்தை வைத்துப் பாலேடு கடைந்துகொண்டிருந்தபோது அழைப்பு வந்தது, கை ஈரமாக இருந்ததால் நான்தான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டேன். மறுமுனையில் எபே, "கெப்சே!" என்றார். இவள் கடைவதை நிறுத்தாமல், "சுவோக், என் கெப்சே" என்றாள். எபே சொல்ல ஆரம்பித்தார். ஆற்றில் பனிக்கட்டி இந்த வருடம் தாமதமாக உடைந்ததில் ஆரம்பித்து, பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டதுவரை, நாற்பது நிமிடம். என் கை வலித்தது, நான் நகரவில்லை.